"நிறுத்தினால் திரும்ப ஓடுமா?" காசிமேட்டு அப்பாவின் கேள்விக்கு ஒரு பதில்

காசிமேட்டிலிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், சாரத்தை மட்டும் தருகிறேன். அப்பாவுக்கு 61 வயது, முப்பது வருஷம் விசைப்படகில் டிரைவராக இருந்தவர். இதயத்தின் மூன்று ரத்தக் குழாய்களிலும் அடைப்பு, கூடவே மைட்ரல் வால்வு நன்றாக லீக் ஆகிறது, பம்பிங் 40 சதவீதம். ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். "இதயத்தை நிறுத்தி வைத்துத்தான் செய்ய வேண்டும்" என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. "நடுக்கடல்ல இன்ஜின் நின்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும், நான் கையெழுத்து போடமாட்டேன்" என்கிறாராம். தங்கச்சி கேட்பது: நிறுத்தினால் திரும்ப ஓடுமா? அத்தனை நேரம் ரத்தம் போகாமல் தசை செத்துவிடாதா? பொட்டாசியம் ஏற்றி நிறுத்துவார்கள் என்று யூடியூபில் பார்த்தேன், அது ஆளைக் கொல்லும் மருந்து ஆயிற்றே? மாமாவுக்கு நிறுத்தாமலேயே பைபாஸ் செய்தார்களே, அப்பாவுக்கு ஏன் முடியாது?

தங்கச்சி, முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. பெர்ஃப்யூஷனிஸ்ட். ஆபரேஷன் தியேட்டரில் ஹார்ட்-லங் மெஷின் என்று ஒன்று இருக்குமே, அதன் முன்னால் உட்கார்ந்து அதை ஓட்டுகிறவன். இதயத்தை நிறுத்துகிற மருந்து என் கையிலிருந்துதான் போகிறது, அது நின்றிருக்கிற ஒவ்வொரு நிமிடத்தையும் எண்ணிக்கொண்டிருப்பதும் நான்தான். தண்டையார்பேட்டையில் வளர்ந்தவன், உங்கள் அப்பா பேசுகிற பேச்சு எனக்குப் புரியும். அதனால் அவருக்கே படித்துக் காட்டுகிற மாதிரி எழுதுகிறேன்.

மாமா விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். பைபாஸ் என்பது இதயத்தின் மேல்பக்கம் ஓடுகிற ரத்தக் குழாயில் புதுக் குழாயைத் தைப்பது. துடிக்கிற இதயத்திலேயே தைக்கிற அந்த ஒரு இடத்தை மட்டும் கருவி வைத்து அசையாமல் பிடித்துக்கொண்டு தைக்கலாம், நம் ஊரில் நிறைய சர்ஜன்கள் அப்படித்தான் செய்கிறார்கள். உங்கள் அப்பாவுக்கு வால்வும் சரி செய்ய வேண்டும். மைட்ரல் வால்வு இதயத்துக்கு உள்ளே இருக்கிறது. அறையைத் திறந்து, உள்ளே ரத்தம் இல்லாமல் பார்த்து, நூல் போட வேண்டும். ஓடுகிற இன்ஜினின் ஹெட்டைக் கழற்றி யாராவது வால்வு மாற்றுவார்களா என்று அப்பாவிடம் கேளுங்கள், அவரே பதில் சொல்லிவிடுவார்.

அப்புறம் அந்த நடுக்கடல் பயம். நடுக்கடலில் இன்ஜின் நின்றால் படகு அலைபாயும், ஏனென்றால் வேறு இன்ஜின் கிடையாது. இங்கே அப்படி இல்லை. இதயத்தை நிறுத்துவதற்கு முன்பே மெஷினை ஓடவிட்டு, உடம்பிலிருந்து வரும் ரத்தத்தை வாங்கி, ஆக்ஸிஜன் ஏற்றி, பெருந்தமனிக்குள் அனுப்ப ஆரம்பித்துவிடுவோம். மூளைக்கும் கிட்னிக்கும் கல்லீரலுக்கும் போக வேண்டியது போய்க்கொண்டே இருக்கும். மெஷின் முழுப் பொறுப்பையும் எடுத்துக்கொண்டது என்று நான் சொன்ன பிறகுதான் சர்ஜன் பெருந்தமனியின் அடிப்பகுதியில், இதயத்துக்குச் சற்று மேலே, கிளாம்ப் என்று ஒரு இடுக்கியைப் போட்டு இறுக்குவார். அந்த கிளாம்புக்கு மேலே உடம்பு முழுக்க ரத்தம் ஓடும், கீழே இதயம் மட்டும் தனியாக நிற்கும். எங்கள் வேலை முழுக்க அந்தக் கீழ்ப்பக்கம் பற்றியதுதான்.

தசை செத்துவிடாதா என்ற கேள்விக்கு வருகிறேன். சும்மா கிளாம்பைப் போட்டு விட்டுவிட்டால் நிச்சயம் சாகும். அறுவை சிகிச்சை ஆரம்பித்த காலத்தில் அப்படி நடந்தும் இருக்கிறது. 1972-ல் அமெரிக்க சர்ஜன் டென்டன் கூலியும் அவருடன் இருந்தவர்களும் ஒன்றை எழுதினார்கள்: ஆபரேஷன் முடிந்து ரத்தத்தைத் திருப்பி விட்டால் சில இதயங்கள் இறுகி, சுருங்கி, கல் மாதிரி ஆகிவிடுகின்றன, பிறகு விரியவே மாட்டேன் என்கின்றன. அதற்கு அவர்கள் வைத்த பெயரே 'கல் இதயம்'. இது ஏன் நடக்கிறது என்று உங்கள் அப்பாவுக்கு நான் புரியவைக்கவே வேண்டாம், ஏனென்றால் அவர் தினமும் பார்த்த விஷயம் அது.

வலையில் மாட்டி ரொம்ப நேரம் துள்ளித் துள்ளிச் செத்த மீன் சீக்கிரம் விறைத்துவிடும். துள்ளவிடாமல் உடனே கொன்று ஐஸில் போட்ட மீன் மெதுவாகத்தான் விறைக்கும். காரணம், தசைக்குள் ஏடிபி என்று ஒரு எரிபொருள் இருக்கிறது. தசை சுருங்குவதற்கு மட்டும் அது தேவை என்று நினைப்போம், ஆனால் சுருங்கிய தசை திரும்ப விரிவதற்கும் அதே எரிபொருள் வேண்டும். துள்ளியே தீர்த்துவிட்ட மீனிடம் விரிவதற்கு மிச்சம் இல்லை, அப்படியே இறுகிப்போகிறது. ரத்தம் நின்ற பிறகும் துடித்துக்கொண்டே இருந்த இதயமும் இதே கதிதான். ஆகவே நாங்கள் செய்வது என்னவென்றால், ரத்தத்தை நிறுத்திய அதே நொடியில் இதயத்தையும் துள்ளவிடாமல், விரிந்த நிலையிலேயே, எரிபொருள் நிறைந்த டாங்கோடு நிறுத்திவிடுவது. நிறுத்துவதுதான் காப்பாற்றுகிற வேலை, தங்கச்சி. இதை அப்பாவிடம் இரண்டு தடவை சொல்லுங்கள்.

கணக்கும் சொல்கிறேன். துடிக்கிற இதயத்தில் 100 கிராம் தசை நிமிடத்துக்குச் சுமார் 8 மில்லி ஆக்ஸிஜன் கேட்கும். அதே தசை நின்றுவிட்டால், உடம்புச் சூட்டிலேயே இருந்தாலும், கேட்பது சுமார் 1 மில்லி. அதைக் குளிரவும் வைத்துவிட்டால் 0.3 அளவுக்கு இறங்கிவிடும். பாருங்கள், பெரிய சேமிப்பு ஐஸால் வருவதில்லை, நிறுத்துவதால் வருகிறது. குளிர் அதற்கு மேல் கிடைக்கிற கொசுறு. ஒரு காலத்தில் இதயத்தைச் சுற்றி ஐஸ் கூழைக் கொட்டி வைப்பார்கள். அதில் இதயத்தை ஒட்டி ஓடுகிற, மூச்சுத் தசையை ஆட்டுகிற நரம்பு குளிரில் மரத்துப்போய், ஆபரேஷனுக்குப் பிறகு மூச்சு விடச் சிரமப்பட்டவர்கள் உண்டு. இப்போது அந்த அளவுக்கு ஐஸ் கொட்டுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், குளிர்ந்த மருந்தை இதயத்தின் சொந்தக் குழாய்கள் வழியாகவே உள்ளே அனுப்புகிறோம்.

இனி பொட்டாசியம். யூடியூபில் சொன்னது பொய் இல்லை. பொட்டாசியத்தை நேராக நரம்பில் வேகமாக ஏற்றினால் இதயம் நிற்கும், உடம்புக்கு ரத்தம் அனுப்ப வேறு ஆள் இல்லாததால் மனிதர் இறந்துபோவார். தியேட்டரில் இரண்டு விஷயம் வேறு. உடம்பை மெஷின் பார்த்துக்கொள்கிறது, மருந்து கிளாம்புக்குக் கீழே இதயத்துக்குள் மட்டும் போகிறது. நம் ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்கும். நாங்கள் இதயத்துக்கு அனுப்புகிற கலவையில் 16-லிருந்து 25, 30 வரை இருக்கும், எந்தக் கலவை என்பதைப் பொறுத்து மாறும். இதயத்தின் ஒவ்வொரு செல்லுக்கும் உள்ளே வெளியே ஒரு மின் வித்தியாசம் உண்டு, அதில்தான் துடிப்பு ஓடுகிறது. வெளியே பொட்டாசியம் கூடினால் அந்த வித்தியாசம் குறைந்து, துடிப்பைத் தொடங்குகிற சோடியம் கதவுகள் மூடிய வாக்கில் பூட்டிக்கொள்ளும். கதவு உடையவில்லை, பூட்டியிருக்கிறது. சுத்தமான ரத்தம் வந்து அந்தப் பொட்டாசியத்தைக் கழுவிக்கொண்டு போனதும் திறந்துகொள்ளும்.

இந்த அளவைக் கண்டுபிடிக்க உலகம் ரொம்ப நாள் எடுத்துக்கொண்டது என்பதையும் சொல்ல வேண்டும். 1955-ல் லண்டனில் டெனிஸ் மெல்ரோஸ் பொட்டாசியம் சிட்ரேட் கொடுத்து இதயத்தை நிறுத்திக் காட்டினார். இதயம் நின்றது, ஆனால் மருந்து மிக அடர்த்தி, தசையில் அங்கங்கே சேதம் தெரிய ஆரம்பித்தது, பலரும் பொட்டாசியமே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். பத்துப் பதினைந்து வருஷம் கழித்து, 1970-களில், குறைந்த அளவில் கொடுத்தால் பாதுகாப்பாக நிற்கிறது என்று தெரிந்து திரும்ப வந்தது. லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியின் பெயரிலேயே ஒரு கலவை இன்றும் இருக்கிறது. பிறகு அமெரிக்காவில் பக்பர்க் என்ற சர்ஜன் நோயாளியின் ரத்தத்தையே கலந்து கொடுக்கும் முறையைப் பரப்பினார், நாலு பங்கு ரத்தம், ஒரு பங்கு மருந்து. ரத்தம் கலந்தால் நின்றிருக்கிற தசைக்கு ஆக்ஸிஜனும் கிடைக்கும். டெல் நிடோ என்று இன்னொரு கலவை, குழந்தைகளுக்காக வந்தது, இப்போது பெரியவர்களுக்கும் நிறைய பேர் கொடுக்கிறார்கள். அதில் லிக்னோகெயின், மக்னீசியம் எல்லாம் சேர்ந்திருக்கும், ஒரு தடவை கொடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். இதில் எது சிறந்தது என்று டாக்டரோடு விவாதம் பண்ண வேண்டாம். ஒரு டீமுக்குக் கை பழகின முறை எதுவோ அதுதான் அந்த டீமிடம் பாதுகாப்பு, இது என் அபிப்பிராயம்.

அந்த நேரம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். சர்ஜன் "கிளாம்ப் ஆன்" என்பார். நான் டைமரை அழுத்திவிட்டு மருந்தை ஓடவிடுவேன், 4 முதல் 10 டிகிரிக்குள் குளிர்ந்திருக்கும். மானிட்டரில் இ.சி.ஜி. கோடு முதலில் அகலமாகும், இடைவெளி விழும், ஒரு துடிப்பு, இன்னொன்று, அப்புறம் நேர்கோடு. பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள். இறுகி முறுக்கிக்கொண்டிருந்த இதயம் சர்ஜன் கையில் தளர்ந்து கிடக்கும். தசை நிறம் லேசாக வெளுக்கும். அதன் பிறகு தியேட்டரில் சத்தம் குறைந்துவிடும், மெஷினின் உருளை சுற்றுகிற ஓசை மட்டும் கேட்கும். ரத்தம் கலந்த முறை என்றால் நான் 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை "இருபது நிமிஷம் ஆச்சு சார்" என்று குரல் கொடுப்பேன், அவர் தைப்பதை நிறுத்திவிட்டு அடுத்த டோஸுக்கு இடம் கொடுப்பார். எவ்வளவு முக்கியமான தையலாக இருந்தாலும் அந்தக் குரலுக்கு மரியாதை உண்டு.

உங்கள் அப்பா விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். மருந்து போகிற வழி இதயத்தின் சொந்த ரத்தக் குழாய்கள். அவருக்கு அடைப்பே அந்தக் குழாய்களில்தான். அடைப்புக்குப் பின்னால் இருக்கிற தசைக்கு மருந்து எப்படிப் போய்ச் சேரும்? இதற்கு வழி உண்டு. இதயத்தின் பின்பக்கம் கெட்ட ரத்தம் வந்து சேருகிற ஒரு சிரை இருக்கிறது, அதற்குள் மெல்லிய குழாய் வைத்துப் பின்வாசல் வழியாக, ரொம்ப அழுத்தம் கொடுக்காமல், மருந்தை அனுப்பலாம். இடது பக்கத்துக்கு அது நன்றாகப் போகும், வலது பக்கத்துக்கு அவ்வளவு போகாது, அதனால் முன்வாசல் பின்வாசல் இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுப்போம். கூடவே, காலிலிருந்து எடுத்த சிரையை அடைப்பைத் தாண்டித் தைத்து முடித்த உடனே அந்தப் புதுக் குழாய் வழியாகவும் மருந்து கொடுப்போம். பட்டினி கிடந்த இடத்துக்கு அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தாராளமாக ஏதோ போய்ச் சேருகிறது. எனக்கு இந்த வேலையில் பிடித்த நிமிடம் அது.

இவ்வளவு ஜாக்கிரதை ஏன் என்றால், ஒரு தடவை பட்டிருக்கிறேன். பல வருஷம் முன்பு, வேறொரு இடத்தில், ஒரு பெரியவருக்கு பைபாஸ். பெருந்தமனி வால்வில் கொஞ்சம் லீக் இருந்தது, எக்கோவில் 'லேசானது' என்று எழுதியிருந்தது. கிளாம்ப் போட்டு மருந்து விட்டேன், ஓட்டம் சரியாக இருக்கிறதே என்று அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு நேராகவே இல்லை. சர்ஜன் இதயத்துக்கு அடியில் கை வைத்துப் பார்த்துவிட்டு "நிறுத்து, ஊதுது" என்றார். மருந்து இதயக் குழாய்களுக்குள் போகாமல் லீக் வழியாக உள்ளறைக்குள் இறங்கி, இதயத்தை பலூன் மாதிரி விரித்துக்கொண்டிருந்தது. அழுத்தம் காட்டுகிற எண் குறைவாகத்தான் இருந்திருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. உடனே தமனியைத் திறந்து குழாய் வாயிலேயே நேராகக் கொடுத்தோம், பின்வாசல் வழியும் போட்டோம், நின்றது. பெரியவர் நல்லபடியாக வீட்டுக்குப் போனார், ஆனால் ஐ.சி.யூ.வில் மூன்று நாள் இதயத்தைத் தூண்டுகிற மருந்து ஓடவேண்டி வந்தது. அன்றைக்குப் பிறகு ஓட்டத்தையும் அழுத்தத்தையும் இரண்டையும் பார்க்காமல் நான் ஒரு டோஸ் கூடக் கொடுத்ததில்லை. அப்பாவுக்கு லீக் இருப்பது மைட்ரல் வால்வில், இந்தப் பிரச்சினை அதனால் வராது. ஆனாலும் எக்கோவில் பெருந்தமனி வால்வு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், அது கேட்க வேண்டிய கேள்விதான்.

சரி, திரும்ப ஓடுமா? வேலை முடிகிற சமயத்தில் வெதுவெதுப்பான ரத்தத்தை இதயத்துக்குள் விடுவது பல இடங்களில் வழக்கம், பசித்திருக்கிற தசை விழிப்பதற்கு முன் கொஞ்சம் சாப்பிட்டுக்கொள்ளட்டும் என்று. உள்ளே மாட்டிய காற்றை வெளியேற்றுவார்கள். பிறகு கிளாம்பை எடுப்பார்கள். சூடான ரத்தம் உள்ளே பாய்ந்து பொட்டாசியத்தைக் கழுவ, கொஞ்ச நேரத்தில் இதயத்தின் ஓரத்தில் ஒரு சின்னச் சுருக்கம் தெரியும், அப்புறம் இன்னொன்று, பிறகு தானாகவே தாளம் பிடித்துக்கொள்ளும். யாரும் சாவி போட்டு ஸ்டார்ட் பண்ணுவதில்லை, துடிப்பை உண்டாக்குகிற இடம் இதயத்துக்குள்ளேயே இருக்கிறது. சில சமயம் தாளமில்லாமல் நடுங்கும், அப்போது நேரடியாக இதயத்தின் மேல் சின்ன கரண்டி மாதிரி இரண்டு தகடுகள் வைத்து 10, 20 ஜூல் மின்சாரம் கொடுத்தால் சீராகிவிடும். மெதுவாகத் துடித்தால் தற்காலிகக் கம்பி வைத்து, லேசான மின்சாரத்தால் துடிப்பைத் தூண்டிவிடுவார்கள். துடிக்க ஆரம்பித்ததும் மெஷினை நிறுத்திவிட மாட்டோம், பாரத்தை மெஷினே சுமக்க, இதயம் சும்மா துடித்துப் பழகட்டும் என்று சிறிது நேரம் விட்டு, அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கை மாற்றுவோம்.

நூற்றுக்கு நூறு என்று நான் எழுதித் தர முடியாது. பம்பிங் 40 சதவீதம் என்பது பலமான இதயம் இல்லை, பைபாஸும் வால்வும் சேர்ந்த ஆபரேஷனில் கிளாம்ப் நேரம் ஒன்றரை மணி, இரண்டு மணி என்று போகலாம். எவ்வளவு நன்றாகக் காப்பாற்றினாலும் விழித்த இதயம் ஒன்றிரண்டு நாள் மந்தமாக இருப்பது உண்டு, தசை உயிரோடுதான் இருக்கும், மயங்கி எழுந்த ஆள் மாதிரி தெம்பில்லாமல் இருக்கும். அதனால் ஐ.சி.யூ.வில் நாலைந்து மருந்துகள் ஓடுவதைப் பார்த்தோ, தொடை வழியாக ஒரு பலூன் வைத்திருப்பதாகச் சொன்னாலோ, எல்லாம் முடிந்தது என்று வாசலில் உட்கார்ந்து அழாதீர்கள். அந்த இரண்டு நாளைக் கடத்தத்தான் அவை. அப்பாவுக்கு எவ்வளவு ரிஸ்க் என்று உங்கள் சர்ஜன் ஒரு எண் சொல்லுவார், கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார். அதோடு ஆபரேஷன் செய்யாமல் விட்டால் என்ன ரிஸ்க் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள், ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் பயம்தான் மிஞ்சும்.

உங்கள் பக்கம் செய்ய வேண்டியது இருக்கிறது. கிட்னி விஷயம் எதுவும் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், ஏனென்றால் இதயத்துக்குக் கொடுத்த பொட்டாசியத்தில் ஒரு பங்கு உடம்புக்குள் கலக்கும், நாங்கள் மெஷினில் வடிகட்டுவோம், மீதியைக் கிட்னிதான் வெளியேற்ற வேண்டும். பீடி, சிகரெட் இன்றைக்கே நிற்கட்டும், நாளைக்கு என்று தள்ளாதீர்கள். சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் வரட்டும். நாட்டு மருந்து, லேகியம் எது சாப்பிட்டாலும் சொல்லிவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையை எப்போது நிறுத்துவது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். செலவு பற்றி எழுதவில்லை, ஆனாலும் சொல்கிறேன், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை இருக்கிறது, கார்டு இருக்கிறதா, பெயர் சரியாக இருக்கிறதா என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.

அப்பாவிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். இந்தியாவில் முதல் வெற்றிகரமான பைபாஸ் 1975-ல் நடந்தது, டாக்டர் கே.எம். செரியன் செய்தார், நடந்த இடம் நம் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரி. காசிமேட்டிலிருந்து பஸ் ஏறினால் போய்விடக்கூடிய தூரம். நம்ம ஏரியாவுக்கு இது புதுசு இல்லை.

ஆபரேஷன் அன்றைக்கு வெளியே உட்கார்ந்திருக்கும்போது உள்ளேயிருந்து யாராவது வந்தால் "முடிஞ்சதா?" என்று கேட்காதீர்கள், தையல் முடிய ரொம்ப நேரம் ஆகும், இல்லை என்று சொன்னால் உங்களுக்கு உயிர் போய்விடும். "கிளாம்ப் எடுத்தாச்சா?" என்று கேளுங்கள். எடுத்தாச்சு என்றால் அப்பாவின் இதயத்துக்கு அவருடைய ரத்தம் திரும்பிவிட்டது என்று அர்த்தம். அதற்கப்புறம் கேட்க வேண்டியது "பம்ப்ல இருந்து வெளிய வந்தாச்சா?" பம்ப் என்பது நான் ஓட்டுகிற அந்த மெஷின்தான். அந்த இரண்டாவது பதில் வந்ததும் போய் ஒரு டீ குடித்துவிட்டு, அம்மாவுக்கு போன் பண்ணுங்கள்.